ஓடிபி வெள்ளவத்தைக்கு, வயல் கிளிநொச்சியில்

கொழும்பில் விவசாயச் செயலி ஒன்றை நடத்தும் நிறுவனத்தில், தமிழ் உதவி இலக்கத்துக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதுதான் சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. காலி வீதிப் பக்கம் ஏசி போட்ட அறை, காதில் ஹெட்செட், மறுமுனையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, நுவரெலியா. செயலி செய்ததாகச் சொன்ன காரியங்கள் எல்லாம் நல்ல காரியங்கள்தான்: மழை எச்சரிக்கை, பீடைக்கு ஆலோசனை, சந்தை விலை, பயிர் அழிந்தால் அறிவிக்க ஒரு படிவம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வேலையை விட்டபிறகு வேறு செயலிகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் உதவிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் கடவுச்சொல் மறந்தவர்களாக இருப்பார்கள், வயதானவர்கள், பொறுமையாகப் பேசுங்கள் என்று. அப்படிப்பட்ட அழைப்புகளும் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரும்போகம் (ஆண்டின் பெரிய நெற்செய்கைப் பருவம்) தொடங்கினால் வரும் அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி வேறு. "நான்தானே விதைக்கிறன், என்ட பேர் ஏன் இதுக்குள்ள இல்லை?"

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் செய்கிற ஒரு ஐயா. வயல் அவருடையதில்லை, குத்தகை. சொந்தக்காரர் கனடாவில். காணி உறுதியும் (உரிமைப் பத்திரம்) மற்றக் கடதாசிகளும் சொந்தக்காரரின் அக்காவிடம், அவர் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில், எங்கள் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். செயலியில் காணியைப் பதியும்போது உறுதியில் உள்ள பெயரைத்தான் அது எடுத்தது, போன் இலக்கமாக அந்த அக்காவின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மழை வெள்ளத்தில் கதிர் சாய்ந்து ஐயா படிவம் நிரப்பப் போனால், ஒவ்வொரு முறையும் ஓடிபி (பதிந்த போனுக்கு வரும் ஒருமுறை இலக்கம்) வெள்ளவத்தைக்குப் போகிறது. "பிள்ளை, அவ கோயிலுக்குப் போனால் போன் எடுக்கமாட்டா. எடுத்து நம்பரைச் சொல்ல முதல் இங்க நேரம் முடிஞ்சிடுது." வெள்ளத்தில் நிற்கிற வயலுக்கு வெள்ளவத்தையிலிருந்து அனுமதி. நான் என் மேசையில் இருந்தபடி செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஏனென்றால் பதிவுக்காரர் அவர் இல்லை. பதிவுக்காரர் இல்லாதவருக்குத் தகவல் சொல்லக்கூடாது என்பதும் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த விதி, அது தவறான விதியும் இல்லை.

இதைக் கேட்டால் எவரும் உடனே, சரி, அந்த ஐயாவின் பெயரைச் சேர்த்துவிட வேண்டியதுதானே என்பார்கள். சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். அதற்கு ஒரு பழைய பயம் இருக்கிறது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியை நினைத்தபடி எழுப்ப முடியாது என்று ஆக்கியது, பிறகு வந்த கமநல அபிவிருத்திச் சட்டமும் (2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கம்) குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தருகிறது. நல்ல சட்டங்கள்தான், ஆனால் அதன் பலனாகச் சொந்தக்காரர்கள் எழுத்தில் எதுவும் கொடுக்காமல் விட்டார்கள், போகத்துக்குப் போகம் வாய்ப்பேச்சில் குத்தகை, துண்டு இல்லை, பெயர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தப் பயம் இன்னும் கூட. கமநல சேவை நிலையத்தில் (விவசாயிகளின் காரியங்களைப் பார்க்கும் ஊர் அரச அலுவலகம்) ஆளைத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் இருக்கும் வரைக்கும் இந்த வாய்ப்பேச்சு எப்படியோ ஓடியது. "இவர்தான் செய்கிறார், எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னால் காரியம் நடந்தது. செயலிக்கு யாரையும் தெரியாது.

இதனால்தான் சிறு விவசாயிகளின் டிஜிட்டல் உரிமை என்று கொழும்பு ஹோட்டல்களில் கூட்டம் வைத்து இணைய வேகத்தையும் ஸ்மார்ட்போன் விலையையும் பேசும்போது எனக்குச் சலிப்பாக இருக்கும். போன் பெரிய பிரச்சினையில்லை, யாருடையதையாவது வாங்கிச் சமாளிப்பார்கள். பதிவேடு யாரை விவசாயி என்று எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் மற்றதெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது: பசளை மானியம், நட்டஈடு, காப்புறுதி, வங்கிக் கடன். பசளை மானியம் இப்போது வங்கிக் கணக்குக்கு வருகிற காசு, 2024இல் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கினார்கள். பதிவில் பெயர் உள்ளவர் கணக்குக்கு அது போகும். அவர் நல்ல மனிதராக இருந்தால் செய்கிறவரிடம் கொடுப்பார். நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஒரு உரிமை அடுத்தவரின் நல்ல மனதில் தங்கியிருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

2018 டிசம்பர் 17ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை விவசாயிகளினதும் கிராமப்புறங்களில் வேலை செய்பவர்களினதும் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 121 நாடுகள் ஆதரவு, 8 எதிர்ப்பு, 54 வாக்களிக்காமல் விட்டன. இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அதன் முதலாவது உறுப்புரையை வாசித்துப் பாருங்கள்: விவசாயி என்பதற்கு அது காணி உறுதியைக் கேட்கவில்லை, நிலத்தில் தங்கி, பெரும்பாலும் குடும்ப உழைப்பில், பிழைப்புக்காகவோ சந்தைக்காகவோ சிறிய அளவில் செய்கிறவர் எல்லோரும் விவசாயி; காணியில்லாதவர்களும் கூலிக்கு வேலை செய்பவர்களும் அதற்குள் வருகிறார்கள். 11ஆவது உறுப்புரை தகவல் பற்றியது, விளங்குகிற மொழியில், விளங்குகிற வடிவத்தில் தகவல் கிடைக்க வேண்டும் என்கிறது. இது நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிற்கக்கூடிய சட்டம் இல்லை, பிரகடனம்தான். ஆனாலும் நியூயோர்க்கில் ஆதரவாக வாக்களித்த நாடு உள்ளூரில் படிவம் அடிக்கும்போது "உறுதி இலக்கம்" என்ற பெட்டியைக் கட்டாயமாக்கினால், அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாத செயலியை நான் தினமும் பார்த்தேன்.

இந்தியாவிலும் இதே முடிச்சுத்தான். அங்கே 2024 செப்டெம்பரில் 2,817 கோடி ரூபாய்க்கு டிஜிட்டல் விவசாயத் திட்டம் அனுமதிக்கப்பட்டது, விவசாயிக்குக் கொடுக்கும் அடையாள இலக்கம் நில ஆவணத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகைக்குச் செய்கிறவருக்கும் கிளிநொச்சி ஐயாவுக்கும் வரும் தலையிடி ஒன்றுதான்.

மலையகத்திலிருந்து வரும் அழைப்புகள் இன்னொரு மாதிரி. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் உள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா போடுகிற குடும்பங்கள். காணி அரசுடையது, குத்தகை தோட்டக் கம்பனியுடையது, தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்துகிற குடும்பத்திடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. "மிஸ், வீட்டு நம்பர் கேக்குது, எங்களுக்கு லயத்து நம்பர்தானே இருக்கு, அத அடிச்சா சிவப்பா காட்டுது." அந்தச் சிவப்புக் கோட்டை மாற்றச் சொல்லித் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதினோம். பாவனையாளர் தொகை குறைவு, முன்னுரிமை இல்லை என்று பதில். தொகை ஏன் குறைவு என்பதற்கு அந்தச் சிவப்புக் கோடே காரணமாக இருக்கலாம் என்று திரும்பவும் எழுதினேன், அதற்குப் பதில் வரவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியை மறந்திருக்கமாட்டீர்கள். ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு வந்தது, பதிய முதலில் வாகன இலக்கத்தையும் செசி (chassis) இலக்கத்தையும் கேட்டது. நீர்ப்பம்பிக்கு இலக்கத்தகடு ஏது? பம்பிக்கும் ஜெனரேட்டருக்கும் பதிவு செய்யும் வழி பிறகு வந்தது, ஆனால் கத்தரி பிறகுக்காகக் காத்திருக்காது. கொழும்பில் காருக்குப் பெற்றோல் அடிக்க கியூஆர் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்கும் தெரியும், வரிசை குறைந்தது, சண்டை குறைந்தது. அதே கியூஆர் வவுனியாவில் மிளகாய்த் தோட்டம் வைத்திருந்தவருக்கு வேறு ஒன்றாக இருந்தது. வடிவமைக்கிறவர் கண்ணுக்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவருக்கு முதலில் வேலை செய்யும். கொழும்பில் இருந்து வடிவமைத்தால் கார்க்காரர்தான் கண்ணுக்குத் தெரிவார்.

இனி உரக்கடை. என் அழைப்புப் பட்டியலில் ஒரே போன் இலக்கத்தில் பல விவசாயிகள் பதிந்திருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன். பிறகு விளங்கியது. கடைக்காரர் தன் போனில் எல்லோரையும் பதிந்து கொடுத்திருக்கிறார், உதவியாகத்தான், அவர்களிடம் டேட்டா இல்லை, நேரமும் இல்லை. ஆனால் அதன் பிறகு யார் எப்போது விதைத்தார், எந்த நோய் வந்தது, எப்போது அறுவடை என்பதெல்லாம் அந்தப் போனுக்கு வருகிறது. "மிளகாயில் இலைச்சுருள், இதற்கு இன்ன மருந்து" என்ற ஆலோசனையும் மருந்து விற்கிறவர் கைக்கே போய்ச் சேருகிறது. அவர் கடையில் இருக்கும் மருந்துதான் பிறகு ஆலோசனையாக வயலுக்குப் போகும். பெண்கள் நிலையும் இப்படித்தான்: முல்லைத்தீவில் போரில் கணவரை இழந்து தனியாகத் தோட்டம் செய்கிற ஒரு அம்மாவின் பதிவு மருமகனின் இலக்கத்தில் இருந்தது, மருமகனோடு மனக்கசப்பு வந்ததும் இலக்கத்தை மாற்றித் தரச் சொல்லி அழைத்தார். இலக்கம் மாற்ற, பழைய இலக்கத்துக்கு ஓடிபி அனுப்ப வேண்டும். நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது விலை. செயலியில் ஆட்கள் அதிகம் விரும்பிய பகுதி இதுதான், எனக்கும் பிடித்த பகுதி. கொழும்பு விஜேராம மாவத்தையில் உள்ள ஹெக்டர் கொப்பேகடுவ நிலையம் மொத்த விலைகளைச் சேகரித்து வெளியிடுகிறது, விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம், தம்புள்ளையில் இன்று என்ன விலை என்று வயலில் நின்றே தெரிந்துகொள்ளலாம். ஒரு முறை விடிகாலையில் பேலியகொடைச் சந்தைக்குப் போய் லொறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் (மானிங் மார்க்கெட் புறக்கோட்டையிலிருந்து அங்கே மாறிய பிறகு). அங்கே மரக்கறி கொண்டுவந்த ஒருவர் தன் வியாபாரியைக் காட்டிச் சொன்னது: விலை தெரியும் தங்கச்சி, ஆனா விதைக்கும் மருந்துக்கும் காசு தந்தவர் இவர், இவருக்குத்தான் போடவேணும், இவர் சொல்ற விலைதான். விலை தெரிவதால் பேரம் பேசும் பலம் வரும் என்று நிறுவனத்தின் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முற்பணம் வாங்கியவருக்கு அந்தப் பலம் வராது. கடன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தகவலை மட்டும் கொடுத்தால் வயிற்றெரிச்சல்தான் கூடும்.

மறுபக்கம், அதே செயலியிலிருந்து ஒரு பிரதேசத்தில் எத்தனை ஏக்கர் எந்தக் கிழமையில் அறுவடைக்கு வரும் என்ற படம் எடுக்கலாம். எங்கள் இடத்தில் அந்தப் படம் "பங்காளிகளுக்கு" காட்டப்பட்டது. கொள்வனவு செய்கிறவர்களுக்கு அது தங்கம், அடுத்த கிழமை வரத்துக் கூடும், இப்போது அவசரப்பட வேண்டாம் என்று தெரிந்துவிடும். தகவலைக் கொடுத்த விவசாயிக்கு அந்தப் படம் தெரியாது, அவருக்குத் தன் வயல் மட்டும்தான் தெரியும். சட்டத்தை மீறி யாரும் எதையும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன், நீளமான நிபந்தனைகளில் ஆங்கிலத்தில் அது எழுதியிருந்தது, எல்லோரும் "சம்மதம்" அழுத்தியிருந்தார்கள். நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் (9ஆம் இலக்கம்) வந்துவிட்டது. சம்மதத்தை மீளப்பெற, பிழையைத் திருத்த, இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யச் சொல்ல அதில் இடமிருக்கிறது. ஆனால் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன.

ஜிபிஎஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்கள் களப்பணியாளர்களுக்கு வடக்கில் கதவு சாத்தப்பட்டது. போனை வைத்துக்கொண்டு வரம்பைச் சுற்றி நடந்தால் வயலின் எல்லை படமாக விழும். நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு ஏன் ஆட்கள் மறுக்கிறார்கள் என்று விளங்கவில்லை, "அறியாமை" என்று அறிக்கையில் எழுதினார்கள். 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கின் 4 மாவட்டங்களில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கர் காணிக்கு அரச வர்த்தமானி அறிவித்தல் வந்தது, 3 மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணியாகிவிடும் என்று. இடம்பெயர்வில் கடதாசி தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் எப்படி நிரூபிப்பது? எதிர்ப்புக் கிளம்பியது, ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இப்படி ஒரு ஊரில் முன்பின் தெரியாத பிள்ளை போனோடு வந்து வரம்பைச் சுற்றி நடக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதில் அறியாமை எங்கே இருக்கிறது? அனுபவம் அப்படி.

சரி, என்ன செய்யலாம். வேலையை விட்ட பிறகு உறவினர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் நான் சொல்லி வருவதை, வேலை செய்ததாக எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதியும்போது எந்த இலக்கம் கொடுத்தீர்கள், யார் பதிந்தது, என்ன பதிவிலக்கம் வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சிம் உங்கள் அடையாள அட்டையில் இருக்கட்டும், மகனின் சிம், கடைக்காரரின் சிம் வேண்டாம். பழைய பட்டன் போனுக்கும் ஓடிபி வரும், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை வேறு யாருடைய ஸ்மார்ட்போனிலாவது நிரப்பலாம். பயிர் அழிந்தால் முதலில் படம், திகதி தெரியும்படி, வயலை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று (பனை, கோயில் கோபுரம், வாய்க்கால் மதகு) பின்னால் விழும்படி. செயலியில் அனுப்பினாலும் அதோடு நிற்காமல் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். செயலி "கிடைக்கப்பெற்றது" என்று காட்டியதை வைத்து எந்த அலுவலகத்திலும் யாரும் நட்டஈடு வாங்கி நான் பார்க்கவில்லை, முத்திரை அடித்த பிரதியை வைத்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக்குச் செய்கிறவர்களுக்கு, கமக்காரர் அமைப்பில் கட்டாயம் உறுப்பினராகுங்கள். போகம் தொடங்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இந்த வயலை இன்னார் செய்கிறார் என்று குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உறுதி இல்லாதபோது அந்தக் குறிப்பின் பிரதிதான் பலருக்குக் கைகொடுத்தது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரர்களே, இதை வாசிக்கிறவர்களில் நீங்களும் இருப்பீர்கள், உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. காணியை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. இந்தப் போகத்துக்கு மானியமும் நட்டஈடும் செய்கிறவருக்குரியது என்று திகதி போட்டு ஒரு கடிதம், சட்டத்தரணி ஒருவரிடம் வாசகத்தைக் காட்டி எழுதினால் உங்களுக்கும் பாதுகாப்பு. வெள்ளவத்தை அக்கா கடைசியில் அப்படித்தான் செய்தார், தம்பியோடு வட்ஸ்அப்பில் இரண்டு நாள் சண்டை பிடித்த பிறகு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) பற்றி ஊரில் நிறையப் பேர் பத்திரிகைக்காரருக்கானது என்று நினைக்கிறார்கள். பிரதேச செயலகத்திலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் இருக்கிறார், தமிழில் எழுதிக் கொடுக்கலாம், எழுத முடியாவிட்டால் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். என் பெயர் பட்டியலில் ஏன் இல்லை, என் வயலுக்கு யார் பெயர் பதிந்திருக்கிறது, என்ன காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறிப்பாகக் கேளுங்கள், "விவரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். தனியார் கம்பனி அரசோடு ஒப்பந்தம் செய்து ஒரு பொதுச் சேவையை நடத்தினால் அந்தச் சேவையளவுக்கு அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது, இதைக் கம்பனிக்காரரே சில வேளை தெரியாமல் இருக்கிறார்கள். சிங்களத்தில் மட்டும் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் சும்மா விடாதீர்கள், அரசோடு தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போகலாம்.

எல்லையை அளக்க வருகிறவரிடம் கேட்க வேண்டியது: எந்த அலுவலகம், படம் எங்கே சேமிக்கப்படும், வேறு எந்தத் திணைக்களம் பார்க்கலாம், எனக்கு ஒரு அச்சுப் பிரதி தருவீர்களா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லாதவரை வரம்பில் ஏற விடாதீர்கள் என்பது என் கருத்து, மற்றவர்கள் உடன்படாமல் இருக்கலாம்.

செயலி செய்கிற தம்பி தங்கைகளுக்கும் இரண்டு வார்த்தை, கொழும்பில் உங்களில் பலர் என் நண்பர்கள். சொந்தக்காரர் பெயருக்கு ஒரு பெட்டி, செய்கிறவர் பெயருக்கு இன்னொரு பெட்டி வையுங்கள், ஓடிபி இரண்டாமவருக்குப் போகட்டும். இலக்கம் மாற்ற, பழைய போன் இல்லாமல் ஒரு வழி வேண்டும், கிராம அலுவலர் உறுதிப்படுத்தினால் போதும் என்பது மாதிரி. நிபந்தனைகளைத் தமிழில் ஒலியாகப் போடுங்கள், வயலில் நிற்கிறவர் காதால் கேட்பார். யாரை நிராகரித்தாலும் காரணத்தையும் மேன்முறையீட்டு வழியையும் அதே திரையில் காட்டுங்கள்.

நான் வேலை செய்த இடத்தில் இப்போது செய்கிறவர் பெயருக்கும் ஒரு பெட்டி வந்திருப்பதாக முன்னாள் சகாக்கள் சொன்னார்கள். கட்டாயமில்லாத பெட்டியாம், விரும்பினால் நிரப்பலாம். கிளிநொச்சி ஐயா நிரப்பிவிட்டார். ஓடிபி மட்டும் இன்னும் முதல் பெட்டியில் உள்ள இலக்கத்துக்குத்தான் போகிறது, அதைப் பற்றி அவர்களுக்குத் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.